மைக்கை அப்பத்தாவிடம் கொடுங்கள்

புதுக்கோட்டையில் போன மாதம் ஒரு கதை சொல்லும் நிகழ்ச்சி நடந்தது. கற்பனைக் கதை இல்லை, இந்த மாவட்டத்துப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததை மேடையேறிச் சொன்னார்கள். பேப்பரைப் பார்த்துப் படிக்கக் கூடாது, ஆளுக்குப் பத்து நிமிடம், நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டால் வரவேற்புரையும் வாழ்த்துரையும் முடியவே எட்டாகிவிடுகிற ஊர் நம்முடையது. இங்கே ஆறேகாலுக்கு முதல் பெண் பேசத் தொடங்கிவிட்டார். அதற்காகவே ஏற்பாடு செய்தவர்களைக் கும்பிடலாம்.

அன்றைக்குப் பேச வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சைக்கிளைப் பற்றித்தான் பேசினார்கள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பெண் சைக்கிள் ஓட்டினால் ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறு பெண்கள் ஹேண்டில்பாரில் கொடியைக் கட்டிக்கொண்டு, மணியடித்தபடி டவுனுக்குள் ஓட்டி வந்தார்கள். அப்புறம் நடந்த போட்டிகளிலும் ஊர்வலங்களிலும் எழுபதாயிரம் பெண்களுக்கு மேல் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது, முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

இதெல்லாம் எழுதப்பட்ட விஷயம். வெளியூரிலிருந்து பத்திரிகையாளர்கள் வந்து எழுதிப் போயிருக்கிறார்கள், நல்லவிதமாகவே எழுதினார்கள். ஆனால் எழுத்தில் "பெண்களுக்குத் தன்னம்பிக்கை வளர்ந்தது" என்று ஒரே வரியில் முடிந்துபோனதற்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஓர் அம்மா விவசாயக் கூலி. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு களத்துமேட்டில்தான் பழகினாராம். பகலில் பழகினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டலாமா கூடாதா என்று இவரும் நாத்தனாரும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டப் பழகியதும் அவர் செய்த முதல் காரியம், யாரிடமும் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனது. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தபோது காலை பஸ் போய்விட்டிருந்தது. புருஷனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தைலமரக் காட்டுக்கு நடுவில் செயின் கழன்றது, அதை மாட்டத் தெரியவில்லை, கிரீஸ் கையோடு அரைமணி நேரம் போராடி மாட்டிவிட்டு, அப்படியே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாராம். "எங்கத்தா ஏங் கையப் பாத்துட்டு, என்னடி அடுப்புக்கரியான்னாக. இல்லத்தா, சைக்கிளுன்னேன். சிரிச்சாக. அதுக்குப் பெறகு ரெண்டு மாசந்தான் இருந்தாக." இதைச் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் வீட்டில் அடி விழுந்ததையும் அதே குரலில் சொன்னார். எந்த அறிக்கையிலும் அந்த அடி வராது.

கேட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்வரிசைப் பெண்கள் சும்மா உட்கார்ந்து கேட்கவில்லை. கதைக்கு "உம்" கொட்டுவது போல "ஆமா", "அதானே", "பெறகு?" என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும் நடுங்கிய கைகள் அந்தச் சத்தத்தில்தான் அடங்கின. டவுன் அரங்குகளில் நாம் பழகிவைத்திருக்கும் மரியாதையான மௌனம் இருக்கிறதே, அது புதிதாகப் பேச வருகிறவர்களைக் கொன்றுவிடும்.

அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது கல்லூரி மாணவி ஒருவர் மேடையேறிய பிறகு நடந்ததுதான். தன் அப்பத்தா அந்த 1992 ஊர்வலத்தில் ஓட்டிய கதையைச் சொன்னார். நல்ல பேச்சாளர், குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. சித்திரை வெயில் கொளுத்தியது, அப்பத்தாவின் கண்களில் ஆனந்தக் கண்ணீர் வழிந்தது என்று போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சத்தம். "ஏய், சித்திரை இல்லடி. மாசி. நார்த்தாமலைத் தேருக்கு முந்தி." எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த அப்பத்தாவேதான். பேத்தி சிரித்துக்கொண்டே தொடர, மறுபடியும், "நான் எங்க அழுதேன்? பிரேக்குப் பிடிக்கல. முன்னாடி போறவ மேல ஏத்திரக் கூடாதேன்னு அதையே பாத்துக்கிட்டு வந்தேன்."

அந்தப் பெண்ணைப் பாராட்ட வேண்டும். கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை, இறங்கிப்போய் மைக்கை அப்பத்தா கையில் கொடுத்துவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார். அப்பத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். ஊர்வலத்தைப் பற்றி இரண்டு வாக்கியம்தான். மிச்ச நேரமெல்லாம் தண்ணீர். கேரியரில் குடத்தைக் கட்டி, பாரில் பிள்ளையை வைத்து, ஒரே நடையில் முடித்துவிட்டு வந்தால் மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்தார் என்று சொன்னார். படுத்திருந்தாராம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் படுத்ததே இல்லை, அப்போதுதான் படுத்தேன் என்றார்.

பேத்தி தயாரித்து வந்த கதையில் இது இல்லை. இருக்கவும் முடியாது. யார் எவ்வளவு அன்போடு சொன்னாலும், அடுத்தவர் வாயில் போகும்போது நம் பாட்டிகள் எல்லோரும் ஒரே பாட்டி ஆகிவிடுகிறார்கள்: தியாகி, தைரியசாலி, கண்ணீர் விடுபவர். மதியம் படுத்துத் தூங்கிய பெண்ணை அவரே சொன்னால்தான் உண்டு.

இதே புதுக்கோட்டையில் பிறந்தவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதி வைத்தார், அதனால் அவர் பட்டது நமக்கு அவர் வார்த்தையிலேயே தெரிகிறது. குடுமியான்மலைப் பக்கம் கல்குவாரிகளில் கல் உடைத்துக்கொண்டே சைக்கிள் பழகிய பெண்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. சில குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள் அப்போது. கூலியாக இருந்தவர்கள் கணக்கு நோட்டை விரித்துவைத்துக் குவாரி நடத்தியிருக்கிறார்கள். அன்றைய மேடைக்கு அவர்களில் ஒருவர்கூட வராதது எனக்குப் பெரிய குறை. அடுத்த முறை நிகழ்ச்சியை டவுனில் வைக்காமல் அந்தப் பக்கமே ஒரு கண்மாய்க்கரை மரத்தடியில் வைக்கலாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். வேனுக்கு என்னால் ஆன பணமும் தருகிறேன்.

அப்போது முப்பது வயதில் ஓட்டியவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அம்மாவோ சின்னம்மாவோ அயித்தையோ அந்தச் சமயம் சைக்கிள் பழகியிருந்தால், மேடை வரும் வரை காத்திருக்காதீர்கள், போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு எதிரில் உட்காருங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். யாருடைய சைக்கிள், பின்னால் பிடித்தது யார், எங்கே விழுந்தீர்கள், தனியாக முதலில் எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். என் சின்னம்மாவிடம் முதல் கேள்விக்கே அரைமணி நேரம் ஆனது. ஒன்று மட்டும், அப்போது வீட்டு ஆம்பளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், பதிலை அவர்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.