ஒப்படைச்சனான்

"தம்பி, நான் ஒப்படைச்சனான் எண்டதைச் சொன்னனீங்களோ?"

"ஓம் அம்மா, சொல்லிட்டன்."

நான் சொல்லவில்லை. இலங்கையில் போர் முடிந்த 2009 மே 18 அன்று, முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் மகனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்ததாக அந்தத் தாய் தமிழில் சொன்னார். அன்று வட்டுவாகலில் மகன் காணாமல் போனார் என்று, காணாமல் போனோர் பற்றி விசாரித்த ஆணைக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனான நான் சிங்களத்தில் சொன்னேன். 'பார துன்னா' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது 'அதுருதஹன் வுணா'.

காலையிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். எல்லோருடைய கதையிலும் அந்தப் பாலம் இருந்தது. படிவத்திலும் 'காணாமல் போன திகதி' என்றுதான் இருந்தது. நாக்கு அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டது.

ஒப்படைத்தார் என்று சொல்லியிருந்தால், யாரிடம், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு தாய் மேசையில் தலை கவிழ்ந்து அழுததைச் சற்று முன்தான் பார்த்திருந்தேன். இவரையாவது காப்பாற்றினேன் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்பதற்குத்தானே அவர் இரண்டு பஸ் மாறி வந்தார்?

காணாமல் போவதற்கு இன்னொருவர் தேவையில்லை. ஒப்படைத்தால், வாங்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக 'ஆளைக் காணவில்லை' என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கலாம் என்று வந்தது. வங்கிக் கணக்குக்கும் காணிக்கும் அது தேவைப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த தாய்மார் கேட்டது வேறு. காணாமல் போனோர் என்று சொல்லாதீர்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று சொல்லுங்கள் என்றார்கள். நாடு முன்னுக்குப் போகத்தான் வேண்டும், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் போகிற அவசரத்தில் நாங்கள் முதலில் இறக்கி வைப்பது அந்த வினைச்சொல்லைத்தான். அன்று அதை இறக்கி வைத்தவன் நான். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

பதிவைத் திருத்தச் சொல்லி எழுத இரண்டு தடவை பேனா எடுத்தேன். ஒரு சொல் மாறி என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன். ஒன்றும் ஆகாது என்றால் அன்றைக்கு ஏன் பொய் சொன்னேன்?

வெளியே மாமரத்தடியில் அவர் பொலித்தீனைப் பிரித்து மகனின் படத்தை எடுத்தார். சாதாரண தரப் பரீட்சைக்கு எடுத்த படம், மீசை அரும்பியிருந்தது. பேனா கேட்டார். அப்புறம் என் பெயரையும் கேட்டார்.

"நான் இல்லாத காலத்தில ஆரும் கேட்டால், நான் ஒப்படைச்சனான் எண்டதை இந்தத் தம்பிதான் அவையளுக்குச் சொன்னவர் எண்டு தெரிய வேணுமெல்லே."

பெயரைச் சொன்னேன். அவர் படத்தின் பின்பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதினார்.