ஒத்திகை இல்லாத மேடைக்கு எழுதியவர்

நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்த்துப் போடும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கோயில் திடலில் இரவு 10 மணிக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். "எத்தனை கட்டை?" என்று கேட்டுச் சுருதி சேர்த்துவிட்டால், அப்புறம் விடியும்வரை வள்ளி திருமணம்தான். ஆர்மோனியக்காரனான என் பிழைப்பு இது.

இந்த மேடைக்குப் பாட்டு எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மெட்டு புதிதாக இருந்தால் நான் திணறுவேன். மிருதங்கக்காரர் என்னை முறைப்பார். நாடகப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1892-இல் பிறந்த மதுரைக்காரர், இயற்பெயர் வெள்ளைச்சாமி. ஜனங்கள் வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெட்டுகளில் தன் சொல்லை உட்கார வைத்தார். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையிலேயே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். சுரம் எழுத வேண்டாம், அந்த ஒரு வரி போதும், விரல் தானாக ஓடும். இதை இரவல் மெட்டு என்று மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் ராத்திரி வந்து ஆர்மோனியம் வாசித்துப் பார்க்கட்டும்.

வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் இருக்கிறதே, அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்று அவர் எழுதியதை நாடக நடிகர் விசுவநாததாஸ் எடுத்தால், கதைப்படி அது வெறும் பறவைப் பாட்டு. வெள்ளைக் கொக்கு என்று வெள்ளைக்காரனைத்தான் சொல்கிறார் என்பது மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், காவலுக்கு வந்த போலீசுக்கும் தெரியும். விசுவநாததாஸ் பலமுறை சிறைக்குப் போய் வந்தார்.

1931-இல் தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வந்தபோதும் பாட்டு எழுதியவர் இவர்தான். அதில் காந்தியின் ராட்டையைப் பற்றிக் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி பாடினார். காளிதாஸுக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று கேட்போம். நாடகம் பார்த்துப் பழகியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது பின்னிரவில் சினிமாப் பாட்டு கேட்டு ஜனங்களிடமிருந்து துண்டுச் சீட்டு வருகிறது. பழைய ஆட்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் வாசித்துவிடுவேன். பாஸ்கரதாஸ் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மெட்டுக்கே நாலு வரி எழுதி, கோமாளி வேஷக்கார பபூன் கையில் கொடுத்திருப்பார்.