இரண்டு வீரர்களும் ஒரு கொடிக்கம்பமும்: என் முதல் ரோமானியக் காசு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உழுது போட்டிருந்த ஒரு வயலில், நிலத்துக்காரரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, மெட்டல் டிடெக்டருடன் நான் இறங்கியது அது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை கிடைத்தவை தோட்டாக்களின் பித்தளை அடிப்பகுதிகளும், பொத்தான்களும், ஈயத் துண்டுகளும்தான். அன்று எந்தத் திசையிலிருந்து கருவியை வீசினாலும் மாறாத ஒலி ஒன்று கேட்டது; அரைச் சாண் ஆழத்தில், ஏர் புரட்டிய மண்ணிலேயே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பச்சை வில்லை ஒன்று இருந்தது. குழியை மூடுவதற்கு முன் அந்த இடத்தின் ஆயத்தொலைவைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

வெண்கலப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிய வீட்டில் வளர்ந்தவன் என்பதால், வீடு வந்ததும் என் கை புளியைத்தான் தேடியது. நல்லவேளையாக, தொடங்குவதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொண்டேன்: இத்தகைய காசுகளில் எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் பச்சைக் களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கின்றன, புளி, எலுமிச்சை, வினிகர் எதைப் போட்டாலும் அழுக்கோடு அவையும் கரைந்து போய்விடும். ஆகவே வடித்த நீரில் நான்கு நாட்கள் ஊறவைத்து, இளகிய மண்ணை மட்டும் பல்குச்சியால் மெல்ல ஒதுக்கி, நன்றாக உலரவிட்டேன். ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து, உலோகத்தையே அரிக்கத் தொடங்கிவிடும்.

நகைத் தராசில் எடை 1.4 கிராம், விட்டம் 15.5 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் அப்போது வெறுமனே எழுதிவைத்துவிட்டு, தலைப்பக்கத்து முகத்தைப் படங்களோடு ஒப்பிட்டு இரண்டு மாலைகளைச் செலவிட்டேன். அது பயனற்ற வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நான்காம் நூற்றாண்டின் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கும் அவருடைய புதல்வர்களுக்கும் அச்சு வெட்டியவர்கள் ஏறக்குறைய ஒரே முகத்தையே வெட்டியிருக்கிறார்கள்.

வழி திறந்தது பின்பக்கத்தில்தான். மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் படும்படி வைத்து மெதுவாகத் திருப்பியபோது, நேர்வெளிச்சத்தில் வெறும் மேடுபள்ளமாகத் தெரிந்த இடத்தில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய இரண்டு வீரர்கள் எழுந்து நின்றார்கள். விளிம்பில் 'குளோரியா' என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் தெரிந்தன. 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்', அதாவது 'படையின் புகழ்' என்னும் இவ்வகைக் காசு கி.பி. 330-இல் தொடங்குகிறது. முதலில் வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிக் கம்பங்கள் இருந்தன. ஏறத்தாழ 335-இல் காசின் எடையைக் குறைத்தபோது அது ஒரே கம்பமாயிற்று. ஆக, கம்பத்தை எண்ணினால் ஆண்டு தெரியும்.

நான் எண்ணியபோது இரண்டு தெரிந்தன. ஆனால் இரண்டு கம்பக் காசு பொதுவாக இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும், என்னுடையதோ 1.4. உருப்பெருக்கியில் மறுபடி பார்த்தேன். இரண்டாவது கோடு ஒரு வீரனின் கேடயத்தையும் வெட்டிக்கொண்டு போனது. ஏர்முனையோ வேறெதுவோ கீறிய தழும்பு அது. கம்பம் ஒன்றே. பொருளற்றதாக எழுதிவைத்த எடை கண்ணின் பிழையைத் திருத்திய அந்தக் கணம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

பிறகு தலைப்பக்கத்துக்குத் திரும்பினேன். இம்முறை முகத்தை விட்டுவிட்டுத் தலையணியைப் பார்த்தேன். பேரரசரான அகஸ்டஸ் என்றால் நெற்றியில் மணிப்பட்டம் இருக்க வேண்டும். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த சீசர்களுக்கு இலைமாலை. என் காசில் இலைகளின் நுனி தெளிவாகத் தெரிந்தது. எழுத்துகளில் பெயரின் தொடக்கமும், கடைசியில் 'இளையவர்' என்பதைக் குறிக்கும் 'ஐ, வி, என்' என்ற மூன்றும் எஞ்சியிருந்தன. அப்படியானால் இவர் இரண்டாம் கான்ஸ்டன்டைன். தந்தை 337 மே மாதம் இறந்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் அவர் அகஸ்டஸ் ஆகிவிட்டார். ஒற்றைக் கம்பமும் சீசர் பட்டமும் சேர்ந்து, காசை 335-க்கும் 337-க்கும் இடையில் நிறுத்தின.

எஞ்சிய ஐயம், இது உள்ளூர்ப் போலியோ என்பது. 340-களில் பிரிட்டனில் இவ்வகைக் காசைப் பார்த்து அடித்த போலிகள் நிறையவே புழங்கின. (இலங்கையிலும் ரோமானியப் பேரரசின் பிற்காலச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன, அவற்றைப் பார்த்து அங்கேயே செய்த காசுகளும் உண்டு. பேரரசின் எல்லைக்கு அப்பாலும் அதே பழக்கம் இருந்ததை அறிந்தபோது வியப்பாக இருந்தது.) போலிகளில் எழுத்துகள் சிதைந்து, உருவங்கள் குச்சிகளாகிவிடும். என் காசின் எழுத்துகள் நேர்த்தியாக இருந்தன. வீரர்களின் காலடியில் 'டி, ஆர்' என்று தொடங்கும் அக்கசாலைக் குறியும், அதாவது காசு அடித்த இடத்தின் குறியும், இருந்தது. அது ட்ரெவரி, இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் நகரம். லண்டன் அக்கசாலை 325-இலேயே மூடப்பட்டுவிட்டதால், பிரிட்டனுக்கு வேண்டிய சில்லறை இப்படிக் கடல் கடந்துதான் வந்தது.

1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, தனியாகக் கிடைத்த ஒரு செப்புக்காசு புதையல் ஆகாது. ஒரே தொகுதியாகப் பத்துக் காசுகள் கிடைத்திருந்தால் பதினான்கு நாட்களுக்குள் அறிவித்திருக்க வேண்டும். ஆயினும் பதிவு செய்வதே முறை என்று கருதி, பொதுமக்கள் கையில் கிடைக்கும் தொல்பொருட்களைப் பதியும் அரசுத் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் காசையும் ஆயத்தொலைவையும் ஒப்படைத்தேன். அவர் ஆண்டையும் பெயரையும் ஏற்றுக்கொண்டு, அக்கசாலைக் குறியில் நான் 'பி' என்று வாசித்திருந்த கடைசி எழுத்தை 'எஸ்' என்று திருத்தினார்: ட்ரியரின் முதல் பட்டறை அல்ல, இரண்டாவது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அந்த வளைவு இப்போது எனக்கும் தெரிகிறது.