திரும்பி வரும் ஒலி: கடலடிக் காணொளியும் புற்றுநோய் செல்களும்

நீருக்கடியில் கம்பியில்லாமல் காணொளி அனுப்பும் ஆய்வும், இரத்தத்திலிருந்து புற்றுநோய் செல்களைப் பிரித்தெடுக்கும் நுண்பாய்ம சிப் (மிக நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிடும் சில்லு) ஆய்வும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகவே தோன்றும். நான் இரண்டையும் சேர்த்தே படித்து வருகிறேன். இரண்டிலும் நீர், ஒலி, எல்லையில் மோதித் திரும்பும் அலை ஆகிய மூன்றும்தான் மையம். அந்த அலை கடலில் பொறியாளரைத் திணறடிக்கிறது. சிப்பில் அவருக்கு வேலை செய்து கொடுக்கிறது.

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், வைஃபை அதிர்வெண்ணில் செல்லும் ரேடியோ அலை அதில் சில சென்டிமீட்டருக்குள் மடிந்துவிடும். நீலப்பச்சை ஒளி தெளிந்த நீரில் பல பத்து மீட்டர் வரை விநாடிக்குப் பல மெகாபிட் சுமந்து செல்லும். நீர் கலங்கினால் அதுவும் உதவாது. கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டுமென்றால் ஒலிதான் வழி. ஆனால் சுருக்கப்படாத முழு எச்டி காணொளிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட் தேவைப்பட, அத்தொலைவில் ஒலி மோடம் தருவதோ பெரும்பாலும் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் பிட் வரைதான். எனவே படத்தையும் பிரேம்களின் எண்ணிக்கையையும் கடுமையாகக் குறைத்தாக வேண்டும்.

குறைக்கக் குறைக்க ஆபத்து கூடுகிறது. சுருக்கிய காணொளியில் பெரும்பாலான பிரேம்கள் முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டுமே சொல்வதால், ஒரு துண்டு தவறினாலும் அடுத்த முழு பிரேம் வரும்வரை படம் சிதைந்தே கிடக்கும். தவறியதை மறுபடி கேட்டு வாங்கலாம் என்றால், நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான். ஒன்றரை கிலோமீட்டர் அப்பாலிருந்து கேட்டுப் பெறுவதற்குள் இரண்டு விநாடி போய்விடும். இவை போதாதென்று, நீர்ப்பரப்பிலும் கடல்தரையிலும் மோதிய ஒலி பல மில்லிவிநாடி பிந்தி வந்து சேர்வதால், ஒவ்வொரு குறியீட்டின் (பிட்களைச் சுமக்கும் ஒலித்துண்டின்) மேலும் அதற்கு முன் அனுப்பியவற்றின் எதிரொலி படிகிறது. நீரடி ஒலித்தொடர்பு ஆய்வாளர் மிலிகா ஸ்டோயனோவிச் முதலானோர் 1990களில் இந்த எதிரொலிகளை விடாமல் பின்தொடர்ந்து சமன்செய்யும் ஏற்பிக் கருவிகளை உருவாக்கினர். ஒலியின் கட்டத்திலும் (அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதிலும்) தகவலை ஏற்றி வேகத்தைக் கூட்ட அதுவே வழி திறந்தது.

இனி சிப். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும் பல பத்து லட்சம் வெள்ளணுக்களும் இருக்க, கட்டியிலிருந்து கழன்று வந்த புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் பத்தைக்கூடத் தாண்டுவதில்லை. மருத்துவர் தாமஸ் ஆஷ்வர்த் 1869-லேயே அத்தகைய செல்களை இரத்தத்தில் கண்டு பதிவு செய்தார். 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவி, எப்கேம் என்னும் மேற்பரப்புப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காந்தத் துகள்களால் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிடித்து எண்ணுகிறது. அப்புரதத்தை இழந்துவிட்ட செல்லோ தப்பிவிடும். ஒலிமுறைக்கு அந்த அடையாளம் தேவையே இல்லை என்பதுதான் என்னை ஈர்த்தது.

சிலிக்கனில் 375 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரு வாய்க்காலைச் செதுக்கி, மேலே கண்ணாடியால் மூடி, அடியில் மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீசோ மின் தகட்டை ஒட்டி, அதை 2 மெகாஹெர்ட்ஸில் அதிரவிடுகிறார்கள். அந்த அதிர்வெண்ணில் நீரில் அரை அலைநீளம் சரியாக வாய்க்காலின் அகலம்தான். இரு சுவர்களிலும் மோதித் திரும்பும் அலைகள் சேர்ந்து நிலை அலையாகி, நடுவில் அழுத்தம் மாறாத கணு உருவாகிறது. ஓரமாக உள்ளே வரும் செல்களை ஒலி அந்தக் கணுவை நோக்கித் தள்ளுகிறது. தள்ளும் விசை ஆரத்தின் மும்மடிக்கும், எதிர்க்கும் இழுவை ஆரத்துக்கும் ஏற்ப அமைவதால், மற்றத் தன்மைகள் ஒத்திருந்தால் 20 மைக்ரோமீட்டர் செல் 10 மைக்ரோமீட்டர் செல்லைவிட நான்கு மடங்கு வேகமாக நகரும். ஓட்டம் கலங்காமல் இழை இழையாகச் செல்வதால், முந்தி நடுவுக்கு வந்த பெரிய செல் நடுவாயில் வழியாகவும், பிந்தியவை ஓர வாயில்கள் வழியாகவும் வெளியேறுகின்றன. வேறு பல சிப்களுக்கு வசதியான பிடிஎம்எஸ் என்னும் மென்மையான பொருள் ஒலியை உறிஞ்சிவிடும் என்பதால் இந்த வடிவமைப்புக்கு ஒத்துவராது.

வெப்பநிலை இரு துறைகளையும் ஒரே விதமாகப் படுத்துகிறது. அது மாறும்போது ஒலியின் வேகமும் மாறுவதால், கடலில் ஒலியின் பாதை வளைகிறது. சிப்பில் தகட்டின் சொந்தச் சூட்டினாலேயே ஒத்ததிர்வு, அதாவது அலைநீளமும் வாய்க்காலின் அகலமும் பொருந்தி நிற்பது, நழுவுகிறது.

வெளியாகும் முடிவுகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எத்தனை செல் சேர்த்தோம் என்று தெரிந்தால்தான் எத்தனை மீண்டது என்று கணக்கிட முடியும் என்பதால், எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய் செல் போன்ற, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் கலந்து சோதிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோயாளியின் உடலில் சுற்றும் செல்கள் பல இவற்றைவிடச் சிறியவை. வெள்ளணுக்களின் அளவோடு கலந்து நிற்பவை. அசையாத தொட்டி நீரில் காணொளி தெளிவாக வந்தது என்பதும் இதே வகை முடிவுதான். ஆகவே ஒரே நோயாளியின் இரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சிப்பிலும் மறுபாதியைச் செல்சர்ச்சிலும் எண்ணி, கூடவே வந்த வெள்ளணுக்களின் கணக்கையும் தரும் ஆய்வுகளையே நான் முதலில் தேடிப் படிக்கிறேன். காணொளி ஆய்வுகளில் நான் தேடுவது, அலையடிக்கும் ஆழமற்ற கடலில் நீரடி வாகனம் நகர்ந்துகொண்டிருக்கும்போது எத்தனை பிரேம் சேதமின்றி வந்து சேர்ந்தது என்பதை.