பட்டன் செருப்பு: ஒரு படக்கதையின் வேலைக் குறிப்புகள்

ஆடி 2, வெள்ளி

பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைப்பவரின் மகள்கள் இருவரைக் கட்டிய முத்துப்பட்டனின் வில்லுப்பாட்டுக் கதையை எட்டுப் பக்கப் படக்கதையாக்கும் வேலை. கொடை என்கிற கோயில் திருவிழாவில் வில்லுக்கு முன்னால் உட்காரும் சனத்துக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். முதன்மைப் பாட்டுக்காரரான அண்ணாவியும் தொடக்கப் பகுதியான வருபொருள் உரைத்தலிலேயே எதைப் பாடப்போகிறோம் என்று சொல்லிவிடுவார். ஆகவே மர்மத்தை நம்பி வரைந்தால் எடுபடாது. அட்டையிலேயே பட்டன் வெட்டுப்பட்டுக் கிடக்கட்டும். எதற்காகச் செத்தான் என்பதுதான் உள்ளே.

ஆடி 3, சனி

காரையாறு சொரிமுத்தய்யனார் கோயில். செத்தபின் பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு நேர்ந்து கட்டிய தோல் செருப்புகள் தொங்குகின்றன. அவர் போட்டு நடப்பதால் அவை தேய்கின்றன என்பது நம்பிக்கை. சாமி முகத்தை வரைய அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு செருப்பை மேலிருந்து, பக்கவாட்டில், அடிப்புறமாக, 2பி பென்சிலில் தலா பத்து நிமிடம் வரைந்தால் போதும். புதுச் செருப்பில் வார் வில்லாக வளைந்து நிற்கும். போட்டுத் தேய்ந்ததில் வார் தொய்ந்து படுத்துவிடும், குதிகாலின் வெளிவிளிம்பு சாய்வாகக் கரைந்திருக்கும், பெருவிரல் பதிந்த இடம் கறுத்துப் பளபளக்கும். இந்த மூன்றையும் பிடித்தால் வசனமே இல்லாமல் காலம் ஓடியது தெரியும்.

கதையின் முடிச்சும் இதுதான். அந்த இரண்டு மகள்களான பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டுவதற்காகப் பட்டன் பூணூலையும் குடுமியையும் அறுத்துப் போட்டுச் செருப்புத் தைக்க உட்கார்ந்தான். கதையின் சில பாடங்களில் அந்தப் பெண்களைப் பிராமணக் குழந்தைகளாகப் பிறக்க வைத்திருக்கிறார்கள். அது பிற்பாடு ஒட்டியது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பூச்சைப் படத்தில் கொண்டுவரவே கூடாது. கொண்டுவந்தால் செருப்புக்குப் பொருளே போய்விடும்.

ஆடி 5, திங்கள்

ஏ3 தாள் ஒன்றை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் ஏ6 அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும், தையலே வேண்டாம். நான்கு பக்கங்கள் தாளில் தலைகீழாக விழும். இதை மறந்து முழுத் தாளையும் வரைந்து பாழாக்குவதுதான் வழக்கமான தப்பு. வெறுந்தாளை முதலில் மடித்து, பக்க எண் போட்டு, பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலப்படமும் ஏ6ஐப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 157க்கு 222 மி.மீ. ஜெராக்ஸ் ஓரத்தைத் தின்னும் என்பதால் சுற்றிலும் 8 மி.மீ. விட வேண்டும்.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" என்று வாங்குகிற இடம்தான் படக்கதையில் பக்கம் புரளும் இடம். 3, 5, 7ஆம் பக்கங்களின் கடைசிக் கட்டத்தில் இழுத்து நிறுத்த வேண்டும். 3இல் பூணூலைப் பிடித்த கை. புரட்டினால் 4இல் தோலும் குத்தூசியும். 5இல் கல்யாண ராத்திரியில் மாமனாரின் மாடு களவுபோன செய்தி; அதை மீட்கப் போய்த்தான் பட்டன் சாகிறான். 1960இலிருந்து தினத்தந்தியில் வரும் கன்னித்தீவு படக்கதையைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நிறுத்தம் பழக்கப்பட்டதுதான்.

ஆடி 6, செவ்வாய்

எழுத்து. படத்தை முடித்துவிட்டு வசனத்துக்கு இடம் தேடினால் தமிழ் இடம் கொடுக்காது. ஆங்கிலப் படக்கதையில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம். நமக்கு மேலே புள்ளி, சுழி, கீழே உகரக் கால். 'கீ'யின் சுழி மேல்வரி 'பு'வின் காலில் போய் இடிக்கும். எழுத்தின் உயரம் 4 மி.மீ. என்றால் வரிக்கு வரி 8 மி.மீ. வேண்டும். 'சொல்லிக்கொண்டிருந்தான்' மாதிரி ஒரு வார்த்தை சின்னக் குமிழை அடைத்துக்கொள்ளும், 'சொன்னான்' போதும். குமிழுக்கு எட்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். முதலில் எழுத்து, பிறகு குமிழ், அதற்குப் பிறகுதான் ஆள்.

சத்தத்துக்கு வில்லையே கேட்கலாம்: வீசுகோல் பட்டு மணி குலுங்கும் 'சல்', குடத்தின் 'கும்'. 'டமால்' இந்தக் கதைக்கு ஒட்டாது.

ஆடி 9, வெள்ளி

மை. ஜெராக்ஸ் தாளில் இந்தியன் இங்க் பரவிப் பிசிறும், 180 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் தாங்கும். காயுமுன் அழிப்பான் வைத்தால் கோடு இழுபடும். களவு ராத்திரிக்கு முழுக் கறுப்பு அடித்தால் நகலில் திட்டுத்திட்டாக வெளுக்கும். நெருக்கமான சாய்கோடு போட்டு, பந்த வெளிச்சம் படும் கொம்புகளை மட்டும் வெள்ளையாக விட்டால் மந்தை தெரிந்துவிடும்.

எட்டாம் பக்கத்துக்கு ஒரே படம், வசனம் இல்லை. கயிற்றில் ஒரு ஜோடி செருப்பு, வார் தொய்ந்து, குதிகால் தேய்ந்து.