ஒன்பது காரட் புஷ்பராகமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

பதினான்கு மாதங்களுக்கு முன், கோயில் வீதிக் கடை ஒன்றில் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு கனக புஷ்பராகம் வாங்கினேன். ஒன்பது காரட்டுக்கு மேல், நல்ல தேன் நிறம். மோதிரத்தில் பதிக்க அல்ல, ராசிக்காகவும் அல்ல. சும்மா கையில் வைத்துப் பார்க்கத்தான். அந்த எடையில் அசல் புஷ்பராகம் அந்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தொழில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகம் வந்தது இரண்டு மாதம் கழித்து. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு ஒன்றை வாங்கியிருந்தேன். முதலில் கல்லை அப்படியே வைத்தேன்: 1.85 கிராம். ஒரு காரட் என்பது 0.2 கிராம், ஆக 9.25 காரட். எடையில் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அடுத்து, தராசின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அப்போது தராசு காட்டும் எடை, கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் கல்லின் அடர்த்தி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே ஆர்க்கிமிடீஸ்தான்.

புஷ்பராகம் குருந்த வகை. (ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு உள்ள 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) அதன் அடர்த்தி 4. அப்படியானால் தராசு 0.46 காட்டியிருக்க வேண்டும். காட்டியது 0.70. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும் என்று நினைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இழையை மாற்றினேன். நான்கு முறையும் 0.70-தான். வகுத்தால் 2.64. ஸ்படிகத்தின் அடர்த்தி 2.65.

ஆக, என்னிடம் இருப்பது சிட்ரின், மஞ்சள் ஸ்படிகம். சந்தையில் வரும் சிட்ரினில் பெரும்பகுதி ஊதா நிறச் செவ்வந்திக்கல்லைச் சூடேற்றி மஞ்சளாக்கியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்று இரவு தூங்கப் போகும்போது மனதில் நின்றது 2,500 ரூபாய் அல்ல, 2.64. அதைக் கண்டுபிடித்தது நான்! கல் சேர்ப்பது எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு உடன் வேலை பார்க்கும் தோழியின் பெரியப்பாவைப் பார்க்கக் காங்கேயம் போனேன். முப்பது வருடம் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். காங்கேயம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளை நினைவுக்கு வரும். கல் வியாபாரிகளுக்குக் கச்சாக் கல். பக்கத்திலுள்ள படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓர் ஆங்கிலேயர் அக்வாமரின் என்ற வெளிர்நீலக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார். அக்வாமரினும் மரகதமும் பெரில் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி 1-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளின் மிச்சம் கிடைத்திருக்கிறது. அந்த ஊருக்கும் போய்வந்தேன். அங்கே காலடியில் கல் மின்னினாலும் குனிவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அது என் டப்பாவுக்கு உரியதல்ல.

பெரியவர் என் பத்து மடங்கு லென்சை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். (அதற்கு முன் வாங்கிய, '30 மடங்கு' என்று அச்சிட்ட லென்சைக் காட்டாமல் மறைத்துவிட்டேன்.) ஒரு தட்டு நிறைய உடைசல்களைக் கொட்டி, "நிறத்தைப் பார்க்காதே அம்மிணி, ஒடிந்த இடத்தைப் பார்" என்றார். ஸ்படிகம் ஒடிந்த இடம் சிப்பியின் உட்புறம் போல வளைந்து வழுவழுப்பாக இருந்தது. சந்திரகாந்தக் கல் பலகை பிளந்தது போலத் தட்டையாக, படிப்படியாக ஒடிந்திருந்தது. அரை மணி நேரம் கண்ணை மூடச் சொல்லாத குறையாக நிறத்தை மறக்கச் சொன்னார். அன்று 600 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் கலவைக் கற்கள் வாங்கிவந்தேன்.

அந்தப் பொட்டலத்தில் சிவப்பு மட்டும் ஏழு. மாணிக்கமாக இருக்கும் என்ற ஆசையெல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது. கார்னெட் என்ற இயற்கைக் கல்லா, வெறும் கண்ணாடியா என்பதுதான் கேள்வி. சிவப்புக் கார்னெட்டில் இரும்பு உண்டு. ஆனால் கல்லின் அருகே காந்தத்தை வைத்தால் இழுக்காது. மேசையின் உராய்வே அந்த மெல்லிய ஈர்ப்பைத் தின்றுவிடும். அதனால் அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நகத்தளவு தெர்மகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் கல்லை வைத்தேன். பட்டாணி அளவு நியோடிமியக் காந்தத்தைத் தொடாமல் அருகே கொண்டுபோனேன். முதலில் ஒன்றும் இல்லை. மின்விசிறியை நிறுத்தினேன். மூச்சையும் கிட்டத்தட்ட நிறுத்தினேன். தெர்மகோல் மெல்லத் திரும்பி, கன்றுக்குட்டி தாயை நோக்கி வருவது போல வந்து காந்தத்தில் முட்டியது. ஏழில் ஐந்து வந்தன. இரண்டு அசையவே இல்லை. லென்சில் பார்த்தபோது அவற்றுக்குள் உருண்டையான குமிழிகள்: கண்ணாடி. என் மகன் அந்தக் கிண்ணத்தை இரண்டு நாள் கீழே வைக்கவில்லை.

சொதப்பல்களையும் சொல்ல வேண்டும். நீலப் பளபளப்பு ஓடும் சந்திரகாந்தக் கல் ஒன்றை நானே மெருகேற்றுகிறேன் என்று உப்புத்தாளை நனைத்து, சொரசொரப்பான 220-ஆம் எண் தாளில் தொடங்கி நைசான 400 வரை மூன்று மாலை தேய்த்தேன். நான்காம் நாள் கொஞ்சம் அழுத்தினேன். ஒடிந்த இடத்தைப் பார் என்று பெரியவர் சொன்னபடியே, பலகை போல இரண்டாகப் பிளந்தது.

அதைவிடப் பெரிய தவறு டப்பா. முதல் பதினொரு கற்களையும் ஒரே மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் பெரில் 7.5-க்கு மேல், சந்திரகாந்தம் 6. கடினமானது மற்றதைக் கீறாமல் விடுமா? கீறல் போனாலும் போகட்டும். எந்தக் கல் எங்கே வாங்கியது என்பது எனக்கே மறந்துவிட்டது. ஊர் தெரியாத கல் சேகரிப்பில் அநாதைதான். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதப் பொட்டலத்தில். மேலே ஊர், தேதி, எடை, அடர்த்தி, விலை. கணக்கு எழுதுகிற கைக்கு இது பழக்கமான வேலை.

இன்றைய நிலவரம்: 43 கற்கள், தராசு லென்ஸ் உட்பட 7,900 ரூபாய் செலவு. சிட்ரினுக்கும் ஒரு பொட்டலம் உண்டு. 'வாங்கியபோது பெயர்' என்று அதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி.

இப்போது தூக்கத்தைக் கெடுப்பது காங்கேயத்துப் பொட்டலத்தில் மிஞ்சிய ஒரு வெளிர்நீலத் துணுக்கு. எடை 0.31 கிராம். தண்ணீரில் ஒரு முறை 0.11 காட்டுகிறது, அடுத்த முறை 0.12. முதல் கணக்குப்படி 2.82, இரண்டாம் கணக்குப்படி 2.58. ஸ்படிகமும் அக்வாமரினும் இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இவ்வளவு சிறிய கல்லுக்கு என் தராசு போதாது, 0.001 கிராம் காட்டுவது வேண்டும். விலை விசாரித்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.