டிராகுலாவைத் தேதிப்படி வாசிக்கிறேன்

மே 3

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ பெரும்பாலும் நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான். இம்முறை ஒவ்வொரு குறிப்பையும் அதற்குரிய தேதியில் வாசிக்கப்போகிறேன். கதை இன்று தொடங்குகிறது. வியன்னாவுக்குக் காலை 6.46க்கு வரவேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று, டிரான்சில்வேனியாவில் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் இளம் வழக்கறிஞன் ஜோனத்தன் ஹார்க்கர் குறித்து வைக்கிறான். வழியில் சாப்பிட்ட காரமான கோழிக்கறியின் செய்முறையைத் தனக்கு நிச்சயிக்கப்பட்ட மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டுமாம். சில்லறை விஷயங்களில் இவ்வளவு கறாராக இருப்பவன் நாளைக்கு எதைச் சொன்னாலும் நம்பித்தானே ஆக வேண்டும்!

மே 8

சவரக் கண்ணாடியில் பிரபுவின் உருவம் தெரியாத காட்சி எல்லோருக்கும் தெரியும். என்னை அதிகம் உலுக்குவது அதே நாளில் வரும் இன்னொன்று. ஜோனத்தன் தன் அறைக்குத் திரும்பும்போது பிரபு படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். பிறகு கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைப்பவரும் அவரே. அப்படியானால் கோட்டையில் வேலைக்காரர் என்று ஒருவரும் இல்லை. இருட்டில் வண்டியோட்டி வந்தவரும் இவர்தான். இத்தனை பெரிய கோட்டையில் இருவர் மட்டும்! ஒரு படுக்கை விரிப்பை வைத்து இவ்வளவு பயத்தைக் கிளப்பியவர் வேறு யாரும் எனக்கு நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 8

இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் புயல். பிரபு வந்து இறங்குவது இங்கேதான். சுக்கானோடு கைகள் கட்டப்பட்ட பிணமாகக் கப்பல் தலைவன், கைக்கும் சுக்கானுக்கும் இடையே சிலுவை. கப்பலின் பெயர் டிமீட்டர், புறப்பட்ட இடம் கருங்கடல் துறைமுகமான வார்னா. 1885இல் நார்வாவிலிருந்து வந்த டிமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் இதே ஊரில் உண்மையாகவே தரைதட்டியது. ஸ்டோக்கர் 1890இல் இங்கே வந்து தங்கினார். டிராகுலா என்ற பெயரையே இவ்வூர் நூலகத்தில் ஒரு புத்தகத்திலிருந்துதான் எடுத்தார். டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை. விட்பியின் 199 படிகள் அவர் நேரில் பார்த்தவை. அதனால்தான் மூச்சிரைக்க மினா அதில் ஏறும்போது நமக்கும் இரைக்கிறது.

செப்டம்பர் 10

பிரபு ரத்தம் குடித்துவிட்ட மினாவின் தோழி லூசிக்கு மறுபடியும் ரத்தம் ஏற்றுகிறார்கள். ஆளுக்கொரு தடவையாக நான்கு ஆண்கள் கொடுத்து முடிப்பார்கள். ரத்த வகைகளை லான்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் கண்டறிந்தது நாவல் வெளிவந்த 1897க்குப் பிறகு. இன்றைய வாசகனுக்கு வகை பார்க்காத அந்த ஊசியும் பயம்தான்.

அக்டோபர் 3

பிரபு தன்னை வேட்டையாடுபவர்களின் அறைக்குள் புகுந்து, நாட்குறிப்புகளையும் குரல் பதிந்த ஃபோனோகிராஃப் உருளைகளையும் நெருப்பில் போட்டுவிட்டார். மினா முன்பே தட்டச்சு செய்த இன்னொரு பிரதி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. தன் எதிரி யார் என்பதைப் பிரபு சரியாகவே கணித்திருக்கிறார்: பூண்டையும் சிலுவையையும்விட அந்தத் தாள்கள்தான். இந்த நாவலில் எல்லோரும் எழுதுகிறார்கள், அவருக்கு மட்டும் நாட்குறிப்பு இல்லை. பிரபுவின் மனத்துக்குள் நம்மை ஒரு நொடிகூட நுழைய விடவில்லையே, அங்கேதான் ஸ்டோக்கரின் மேதைமை. எத்தனை திரைப்படங்கள் வந்தும் புத்தகம் பழசாகாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

துரத்தல் நவம்பர் 6 வரை நீள்கிறது. அதுவரை பொறுக்க முடியாது. இன்றிரவே வாசித்து முடித்துவிடுவேன்.